பப்ஸ் உப்புவது ஏன்?
வீட்டு அடுப்பில் ஒரு வேதியியல் பாடம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

அறிவியல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆய்வுக்கூடமும், பிப்பெட்டும், பியூரெட்டும், கையொப்பம் வாங்க வேண்டிய ரெக்கார்டு நோட்டும்தான். ஆனால் நாம் கல்லூரிக்குப் புறப்படுவதற்கு முன்பே நம் வீட்டுச் சமையலறையில் எத்தனையோ வேதிவினைகள் நடந்து முடிந்துவிடுகின்றன. இட்லி மாவு பொங்குகிறது, பால் தயிராகிறது, வெல்லம் பாகாகிறது. அவற்றை நடத்துகின்ற நம் தாய்மார்களுக்கு அவ்வினைகளின் பெயர் தெரியாது. பெயர் தெரிந்த நமக்கோ அவற்றை நடத்தத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே நான் ஒருநாள் அகப்பட்டுக்கொண்டேன். அதன் பயனாக விளைந்ததே இக்கட்டுரை.

கேள்வி பிறந்த கதை

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. திருத்தணியை அடுத்த எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. என் தாயார் நூல் சுற்றும் வேலையோடு, தீபாவளி, பொங்கல் நாட்களில் அக்கம்பக்கத்தாருக்குச் சோமாஸும் அதிரசமும் செய்து கொடுப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

சென்ற மே மாதம் ஒரு வேலையாகச் சென்னை சென்றபோது, பெரிய கடையொன்றில் குளிர்ப்பெட்டிக்குள் பப்ஸ் மாவுத் தகடு விற்கக் கண்டேன். பிரித்து, நறுக்கி, பழத்தை வைத்து மூடிச் சுட வேண்டியதுதான் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. 400 கிராம் பொட்டலம், விலை ஏறத்தாழ 250 ரூபாய். தந்தையார் தறியில் அரை நாள் நின்றால் கிடைக்கும் கூலி அது. இருந்தாலும், அம்மாவின் பலகாரங்களோடு புதிதாக ஒன்று சேர்ந்தால் நாலு காசு கூடுதலாக வருமே என்ற ஆசையில் வாங்கிவிட்டேன். செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறினேன். இரண்டு மணி நேரத்திற்கும் மேலான பயணம். வீடு சேர்ந்தபோது தகடு தளர்ந்து, ஓரமெல்லாம் நெய் கசிந்திருந்தது.

சோமாஸுக்கு வெட்டுவது போல டம்ளர் விளிம்பால் வட்டம் வட்டமாக வெட்டி, நறுக்கிய மாம்பழத்தைச் சர்க்கரையில் பிரட்டி வைத்து மூடி, ஒரு சட்டியில் வைத்துச் சுட்டோம். கிடைத்தது பப்ஸ் அல்ல. எண்ணெயில் ஊறிய வறட்டி போன்ற ஒன்று. மாம்பழச் சாறு வழிந்து சட்டியின் அடியில் தீய்ந்துபோயிருந்தது.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னாம்மா, காலேஜில வேதியியல்தானே படிக்கிறே? இது ஏன் உப்பலைன்னு சொல்லேன்" என்று கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவைதான்; ஆனால் அடுப்படியில் நின்று அம்மாவுக்குப் புரியும்படி ஒரு வாக்கியம் வரவில்லை. 250 ரூபாய் போனதைவிட அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடியதையே இங்கு வரிசையாகக் கூறுகிறேன்.

நமக்குப் புதியதா?

மாவுக்குள் இனிப்பை வைத்து மூடும் கலை நமக்குப் புதியதன்று. நாம் சோமாஸ் என்பதையே எல்லைக்கு அப்பால் கஜ்ஜிகாயலு என்கிறார்கள். 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனாலும் நம் தெருக்களில் இன்றும் இரண்டு பெயர்களும் செல்லுபடியாகின்றன. போளியும் இவ்வினமே.

பழம் வைக்கும் வழக்கமோ பேக்கரிகளின் வழியாக வந்தது. தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் 1880-இல் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கி, 1883-இல் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது தென்னிந்திய பேக்கரி வரலாற்றில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் செய்தி. நம் பேருந்து நிலையக் கடைகளில் கிடைக்கும் தில் பசந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமான மாவுக்குள் தேங்காய்த் துருவலும், சர்க்கரையும், சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டியும் இருக்கும். அந்த வண்ணத் துண்டுகள் வேறொன்றுமில்லை. சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்தான். அந்தப் பப்பாளியும், அன்னாசியும், கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் நம் நாட்டிற்கு வந்தவை. ஆக, வந்த பழமும் வந்த மாவும் நம் ஊரில் சந்தித்துக்கொண்டன எனலாம்.

மடிப்புக் கணக்கு

சோமாஸ் மாவுக்கும் பப்ஸ் மாவுக்கும் என்ன வேறுபாடு? சோமாஸில் நெய்யை மாவோடு சேர்த்துப் பிசைகிறோம். பப்ஸில் கொழுப்பை மாவோடு கலப்பதே இல்லை. மைதாவையும் தண்ணீரையும் பிசைந்து தகடாகத் தேய்த்து, அதன்மேல் கொழுப்பை இன்னொரு தகடாக வைத்து மூடி, மூன்றாக மடிக்கிறார்கள். மறுபடி தேய்த்து மறுபடி மூன்றாக மடிக்கிறார்கள். முறைப்படி ஆறு தடவை மடித்தால் கொழுப்பு அடுக்குகள் எத்தனை? 3, 9, 27, 81, 243, 729! ஒரு விரல் தடிமனுக்குள் 729 கொழுப்பு அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மாவு அடுக்கு.

இதை நான் வீட்டில் சொன்னபோது, நெய்த துணியை நாள்தோறும் மடித்து அடுக்குகின்ற தந்தையார், "மடிப்பு கலைஞ்சா துணிக்கு விலை இல்லை" என்றார். மாவுக்கும் அதே விதிதான். கடை மாவை வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்குவது மைதாவை அல்ல, இந்த மடிப்பைத்தான். அதனால்தான் நறுக்கியதில் மிஞ்சிய துண்டுகளைச் சப்பாத்தி மாவு போல உருட்டிப் பிசையக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மெல்லத் தேய்க்க வேண்டும். நம் பரோட்டாவும் எண்ணெய் தடவி மடித்து அடுக்கு உண்டாக்கும் கலையே.

ஒரு கிராம் நீரின் ஆற்றல்

பப்ஸில் ஈஸ்டும் இல்லை, சோடா உப்பும் இல்லை. பின் அதை உப்பச் செய்வது எது? வெறும் தண்ணீர்தான்.

நாம் படித்த கணக்கையே இங்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் நீர் 18 கிராம். ஒரு மோல் வாயு 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 22.4 லிட்டர் இடம் கொள்ளும். சார்லஸ் விதிப்படி 100 டிகிரிக்கு அது 30.6 லிட்டர் ஆகிறது. 30.6-ஐ 18-ஆல் வகுத்தால் 1.7. அதாவது ஒரு கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, 1.7 லிட்டர் இடம் கேட்கிறது. மாவு அடுக்குகளில் உள்ள நீர் சூட்டில் ஆவியாகும்போது மேலே போக வழி தேடுகிறது. குறுக்கே கொழுப்பு அடுக்கு தடுக்கிறது. ஆவி தன் தலைக்கு மேலுள்ள மாவைத் தூக்குகிறது. இப்படி நூற்றுக்கணக்கான அடுக்குகளும் சிறிது சிறிதாகத் தூக்கப்படுவதையே நாம் உப்புதல் என்கிறோம். ஆவியின் பெரும்பகுதி தப்பிப் போய்விடுகிறது. சிக்கிக்கொண்ட சிறு பகுதி செய்யும் வேலையே இவ்வளவு!

மைதாவில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ரப்பர் போல நீண்டு கொடுக்கிறது. பிறகு சூடு ஏறஏறப் புரதம் இறுகி, மாவுச்சத்து வெந்து, தூக்கிய அடுக்கு தூக்கியபடியே நின்றுவிடுகிறது. சூடு போதாவிட்டால் ஆவி எழுமுன்பே கொழுப்பு உருகி வழிந்துவிடும். ஆகவே பப்ஸுக்குத் தொடக்கத்திலேயே 200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்.

மொட்டைக் கருவியால் வெட்டினால் என்ன ஆகும்? டம்ளர் விளிம்பு அடுக்குகளை வெட்டுவதில்லை. ஓரத்தில் நசுக்கி ஒட்டிவிடுகிறது. ஒட்டிய ஓரம் எழும்பாது. என் முதல் குற்றம் அதுவே. கூரிய கத்தியால், இழுக்காமல், நேராக அழுத்தி வெட்ட வேண்டும்.

திருத்தணி வெயில்

என் இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரியது. அதில் ஊருக்கும் பங்குண்டு.

கோடையில் வானொலிச் செய்தியில் நம் ஊர்ப் பெயர் வந்தால், அது பெரும்பாலும் வெயில் நிலவரமாகத்தான் இருக்கும். திருத்தணியில் மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்கெல்லாம் பழகிப்போன ஒன்று. வெண்ணெய் முழுமையாக உருகிவிடுவதோ 32 முதல் 35 டிகிரிக்குள். அப்படியானால் அடுப்பில் வைப்பதற்கு முன்பே, ரயிலிலும் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் வெண்ணெய் உருகி மாவோடு கலந்து, 729 அடுக்கும் ஒரே அடுக்காகிவிட்டது. பிறகு எவ்வளவு ஆவி எழுந்தும் என்ன பயன்? தடுத்து நிறுத்த அடுக்கு இல்லையே! அம்மாவின் கேள்விக்கு விடை இதுதான்: மாவு உப்பாமல் போனது அடுப்பில் அல்ல, வழியிலேயே.

சரி, நம் ஊர் பேக்கரிகளில் மட்டும் எப்படி உப்புகிறது? பேருந்து நிலையத்தருகே உள்ள பேக்கரியில் மாஸ்டர் அண்ணனிடம் கேட்டேன். "வெயில் ஏறினா மாவு தூங்கிடும்மா. விடியறதுக்குள்ள மடிச்சு எடுத்துடணும்" என்றார். அவர்கள் பயன்படுத்துவது வெண்ணெய் அல்ல, பப்ஸுக்கென்றே வரும் மார்ஜரின். அது 40 டிகிரிக்கு மேல்தான் உருகும். 1869-இல் பிரெஞ்சு வேதியியலார் மேஜ் மூரியே என்பவர் வெண்ணெய்க்கு மலிவான மாற்றாகக் கண்டுபிடித்தது மார்ஜரின். எண்ணெயை நிக்கல் வினையூக்கியின் துணையால் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்குவதை நாம் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அவ்வினை முழுமை பெறாதபோது இதயத்திற்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அதனால்தான் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டக் கூடாதென நம் நாட்டில் விதி உள்ளது. எப்படியாயினும் பப்ஸ் கொழுப்பு மிகுந்த பண்டம். பண்டிகைக்கு ஏற்றது, அன்றாடத்திற்கு அன்று.

அந்த அண்ணன் அரைக் கிலோ மாவை மடித்த தகடாகவே எனக்கு விலைக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி ஒரு தகர டப்பாவில் போட்டு, அதன்மேல் மாவை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்து, டப்பாவை ஈரச் சாக்கால் மூடினோம். நீர் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அவ்வாறே. மறுநாள் காலை 4 மணிக்கு எழுந்து வேலையைத் தொடங்கினோம். இம்முறை மாவு உப்பியது. ஆனால் பாதிக்கு மேல் வெடித்து, பழம் வெளியே வந்துவிட்டது.

பழத்தில் உள்ள நீர்

மாம்பழத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நீர்தான். அன்னாசியில் அதைவிடச் சற்று அதிகம். வாழைப்பழத்தில் சுமார் 75 பங்கு. பச்சைப் பழத்தைச் சர்க்கரையில் பிரட்டினால் சவ்வூடு பரவலால் சாறு இன்னும் வெளியேறும். அது அடி மாவை நனைத்துக் களியாக்கும். பிறகு ஆவியாகி மூடியை உடைக்கும்.

இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதே அம்மா விடையைச் செய்து காட்டிவிட்டார். "பூரணம்னா உருட்டினா நிக்கணும். ஒழுகறதைப் போய் உள்ள வைப்பாங்களா?" என்று கூறிக்கொண்டே மாம்பழக் கூழை அடுப்பில் ஏற்றிக் கிளறத் தொடங்கினார். அவர் செய்ததில் மூன்று தத்துவங்கள் உள்ளன. ஒன்று, கிளறும்போது நீர் குறைகிறது. இரண்டு, எஞ்சிய நீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. மூன்று, பழத்திலுள்ள பெக்டின், புளிப்பும் சர்க்கரையும் சேரும்போது வலைபோல இறுகுகிறது. ஜாம் இறுகுவது இதனால்தான். கொய்யாவில் பெக்டின் மிகுதி. புளிப்புக் குறைந்த பழத்திற்கு எலுமிச்சைச் சாறு துணை செய்யும். ஒரு கரண்டி அரிசி மாவு கரைத்து ஊற்றினால் மாவுச்சத்து வெந்து மேலும் கெட்டிப்படும்.

முருகன் கோயில் ஊர்க்காரர்களாகிய நமக்கு இதற்குச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை. வாழைப்பழமும், சர்க்கரையும், தேனும், நெய்யும், பேரீச்சையும், கற்கண்டும், ஏலக்காயுமாகச் சேர்ந்த அது குளிர்ப்பெட்டி இன்றியே நாள்பட இருக்கிறது. நீரைக் கட்டிப்போட்டால் பழம் கெடாது, ஒழுகாது.

மணல் அடுப்பு

பேக்கரி அடுப்பு இல்லாத வீட்டில் 200 டிகிரிக்கு எங்கே போவது? தெருவில் கடலை வறுக்கும் வண்டியைப் பாருங்கள். மணல் ஒருமுறை காய்ந்துவிட்டால் சூட்டை நெடுநேரம் பிடித்துவைத்து, எல்லாப் பக்கமும் சமமாகக் கொடுக்கிறது. அதையே நாமும் செய்யலாம். கனத்த அடியுள்ள பழைய சட்டியில் இரண்டு விரல் உயரம் கழுவிக் காய்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமணை வைத்து மூடி, 20 நிமிடம் காய விட வேண்டும். குக்கரைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். நீரில்லாத சூட்டில் அது கெடும், ரப்பர் வளையமும் வெயிட்டும் மறந்துபோய் இருந்துவிட்டால் ஆபத்தும் உண்டு. பழைய சட்டியே போதும்.

சூட்டை அளக்க நம்மிடம் வெப்பமானி இல்லை. ஆனால் உருகுநிலை என்ற ஒன்றை நாம் படித்திருக்கிறோமே! சர்க்கரையின் உருகுநிலை ஏறத்தாழ 186 டிகிரி. ஒரு சிறு தகர மூடியில் சிட்டிகை சர்க்கரையை வைத்துச் சட்டிக்குள் வைத்தேன். அது உருகிப் பழுப்பேறத் தொடங்கியதும் அடுப்பு தயார் என்று அறிந்தேன். ஆய்வுக்கூடத்தில் கற்ற ஒன்று வீட்டில் வேலைக்கு ஆனது அன்றுதான்.

அடி சிவந்தும் மேற்புறம் வெளிறியே இருந்தது. அதற்கும் அம்மாவே வழி கண்டார். மூடிக்குப் பதிலாக, இன்னொரு அடுப்பில் நன்கு காய்ந்த தோசைக்கல்லைத் துணியால் பிடித்துக் கவிழ்த்தார். மேலிருந்தும் சூடு கிடைத்தது. மேலே தடவிய பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறம் தந்தன. 1912-இல் இவ்வினையை விளக்கிய மெய்யார் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் இது மெய்யார் வினை எனப்படுகிறது.

செய்முறை

எட்டு பப்ஸுக்கு வேண்டியவை: கடையில் வாங்கிய பப்ஸ் மாவுத் தகடு 400 கிராம்; மாம்பழக் கூழ் இரண்டு டம்ளர் (சித்தூர்ப் பக்கமிருந்து வரும் கிளிமூக்கு மலிவு); சர்க்கரை அரை டம்ளர்; எலுமிச்சை அரை மூடி; அரிசி மாவு ஒரு கரண்டி; ஏலக்காய் இரண்டு; மேலே தடவச் சிறிது பால்.

முதல் நாள் இரவே பூரணத்தைக் கிளறி ஆற வைத்துவிட வேண்டும். சூடான பூரணம் மாவில் பட்டால் கொழுப்பு உருகிவிடும். விடியற்காலையில் சட்டியைக் காய வைத்துவிட்டு, மாவைக் குளிரிலிருந்து எடுத்து, கூரிய கத்தியால் எட்டுச் சதுரங்களாக வெட்டவும். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி பூரணம். ஆசைப்பட்டு அதிகம் வைக்க வேண்டாம். முக்கோணமாக மடித்து, வெளி ஓரத்தை நசுக்காமல் ஒரு நூல் உள்ளே தள்ளி விரலால் அழுத்தவும். ஆவி வெளியேற மேலே இரண்டு கீறல் போடவும். பால் தடவும்போது ஓரத்தில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், கவனம் தேவை. தட்டில் வைத்துச் சட்டிக்குள் இறக்கி, முதல் 15 நிமிடம் திறந்து பார்க்கவே கூடாது. மொத்தம் 25 முதல் 30 நிமிடத்தில் சிவந்துவிடும்.

முடிவுரை

மூன்றாவது முறையாகச் செய்தது ஆடிக் கிருத்திகைக்கு. காவடி எடுத்து வந்த உறவினர் வீடு நிறைய இருந்தனர். எட்டில் ஏழு நன்றாக உப்பின, ஒன்று வெடித்தது. வெடித்ததை நான் தின்றேன். நகரியிலிருந்து வந்த அத்தை பிட்டுப் பார்த்து, "பேக்கரியில வாங்கினதா?" என்று கேட்டார். அம்மா, "இல்லண்ணி, வீட்டிலதான். வெயில்ல மாவு உருகிட்டா அடுக்கு போயிடும், அடுக்கு இல்லேன்னா ஆவி நிக்காது" என்று விளக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல் கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

இதனால் எங்கள் வறுமை தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். மாவு, ஐஸ், எரிவாயு எல்லாம் கணக்குப் பார்த்தால் சோமாஸில் கிடைக்கும் அளவுக்கு இதில் மிச்சமில்லை. வரும் தீபாவளிக்குச் சிலர் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் இரவே மாவு கொடுக்க மாஸ்டர் அண்ணனும் இசைந்திருக்கிறார். பார்க்கலாம்.

நண்பர்களே! தாய்மொழியில், நம் வீட்டாருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல முடிந்த பாடமே நாம் உண்மையில் கற்ற பாடம். என்னைப் போல முதல் தலைமுறையாக இங்கு வந்திருப்போர் நம்மில் பலர். நம் வீட்டில் யாரேனும் "இது ஏன்?" என்று கேட்டால், "உனக்குப் புரியாது" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால் நூலகத்திற்குச் செல்லுங்கள், ஆசிரியர்களைக் கேளுங்கள், பேக்கரி மாஸ்டரையும் கேளுங்கள். நேரம் கிடைத்தால், வெயில் ஏறுவதற்கு முன் எழுந்து, ஒருமுறை செய்தும் பாருங்கள்.